இதயத்தசைப் பாதுகாப்பு

இதயத்தசைப் பாதுகாப்பு என்பது, இதய அறுவையின்போது குருதியோட்டம் தடைப்படும் நேரத்தில் இதயத்தசை சிதையாமல் காக்கும் முறைகளைக் குறிக்கும். இந்தியாவில் வாதக் காய்ச்சலால் இளம் வயதிலேயே அடைப்பிதழ் பழுதடைந்தோர் பலர். இவர்களுக்குச் செய்யப்படும் அடைப்பிதழ் அறுவையில் இம்முறைகள் இன்றியமையாதவை.

தேவை

அடைப்பிதழைச் சீரமைக்க இதயம் அசைவற்றும் குருதியின்றியும் இருக்க வேண்டும். எனவே உடலின் குருதியோட்டத்தை இதய-நுரையீரல் இயந்திரம் ஏற்கிறது. பெருந்தமனி கவ்வியால் அடைக்கப்படுகிறது. அக்கணம் முதல் இதயத்தசைக்கு ஆக்சிசன் கிடைப்பதில்லை. பாதுகாப்புக் குறைந்தால், அடைப்பிதழ் நன்கு பொருத்தப்பட்டாலும் இதயம் மீண்டும் வலுவுடன் துடிக்காமற் போகலாம்.

செயற்படும் விதம்

பொட்டாசியம் மிகுந்த கரைசல் இதயத்தின் முடியுருத் தமனிகளுள் செலுத்தப்படுகிறது. இதனால் தசைக்கலங்களின் மின்தூண்டல் தடைப்பட்டு, இதயம் தளர்ந்த நிலையில் நிற்கிறது. துடிக்காத தசைக்கு ஆக்சிசன் தேவை மிகக் குறைவு. குளிர்விப்பதால் அது மேலும் குறைகிறது.

கரைசல் பொதுவாகப் பெருந்தமனியின் அடிப்பகுதி வழியே செலுத்தப்படும். பெருந்தமனி அடைப்பிதழ் கசிந்தால், கரைசல் தமனிகளுக்குச் செல்லாமல் இடது கீழறைக்குள் வழிந்து அதனை வீங்கச் செய்யும். அந்நிலையில் பெருந்தமனியைத் திறந்து, முடியுருத் தமனிகளின் வாய்களில் நேரடியாகவோ, இதயச் சிரைக்குழிவு வழியே எதிர்த்திசையிலோ செலுத்துவர். எதிர்த்திசை முறையில் வலது கீழறைக்குப் போதிய அளவு கரைசல் சேராமற் போகலாம் என்பதால் இரு வழிகளையும் இணைத்துப் பயன்படுத்துவதும் உண்டு. வழக்கமான கரைசல்களை ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டும் செலுத்துவர். டெல் நீடோ கரைசல் ஒரே தடவையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகக் காக்கும்.

வரலாறு

1955இல் இங்கிலாந்தின் மெல்ரோசு பொட்டாசியம் சித்திரேட்டால் இதயத்தை நிறுத்தும் முறையை வெளியிட்டார். அதன் செறிவு மிகுதியால் தசை சேதமுற்றதால் அம்முறை கைவிடப்பட்டது. 1970களில் செறிவு குறைக்கப்பட்ட பொட்டாசியம் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் உருவான கரைசல் உலகெங்கும் பரவியது. பின்னர் பக்பெர்க்கு குருதி கலந்த கரைசலைப் பரப்பினார்.

தமிழ்நாட்டில்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 1960களின் தொடக்கத்தில் இந்தியாவில் திறந்த இதய அறுவைக்கு வழிவகுத்த முன்னோடி நிலையங்களுள் ஒன்று.

அறுவை முடிவில்

கவ்வியை அகற்றுமுன் இதய அறைகளிலுள்ள காற்று வெளியேற்றப்படும். குருதி மீளப் பாயும்போதும் தசை சேதமுறலாம் என்பதால், அழுத்தமும் வெப்பநிலையும் கவனமாகக் கட்டுப்படுத்தப்படுகின்றன. கரைசல் கழுவப்பட்டதும் இதயம் பெரும்பாலும் தானாகவே துடிக்கத் தொடங்கும். சில வேளைகளில் மின்னதிர்ச்சி தேவைப்படும்.