10 நிமிடத்தில் கறுக்கும் மருதாணி கோன்: தீபாவளிக்கு வாங்கும் முன் இதைப் படிங்க

மேலைநாடுகளில் இலையுதிர் காலம் வந்தால் மெரூன் நெயில் பாலிஷ் ட்ரெண்ட். நம்ம செஞ்சிப் பக்கம் அது ஐப்பசி மழைக்காலம். தீபாவளிக்கு விரல் நுனியில் மருதாணிதான் மெரூன்.

மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற நிறமி, தோலிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கழுவியதும் ஆரஞ்சுதான்; ஒன்றிரண்டு நாளில் அடர்சிவப்பாகும். தோலில் 2, 3 வாரத்தில் போய்விடும். நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ.தான் வளரும் என்பதால், நுனியில் பொங்கல் வரைக்கும் தெரியும்.

அப்போ கடையில் விற்கும் 'கறுப்பு மருதாணி'? சுத்தமான மருதாணி சில நிமிடங்களில் கறுக்காது. கறுத்தால், ஹேர் டையில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பிய யூனியனில் ஹேர் டையிலேயே 2 சதவீதம்தான் உச்சவரம்பு. தோலில் வரைய அனுமதியே இல்லை. அரிப்பு, கொப்புளம் வரலாம். போட்ட டிசைன் அப்படியே தழும்பாகலாம். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த அலர்ஜி உடம்பை விட்டுப் போகாது. பல வருஷம் கழித்து நரைக்கு டை அடிக்கும்போது முகமே வீங்கலாம்.

பாக்கெட்டில் என்னென்ன கலந்திருக்கு என்று அச்சிடாத கோன் வேண்டாம். ஏற்கெனவே போட்டு எரிச்சல் வந்தால் உடனே கழுவிவிட்டு, தோல் மருத்துவரைப் பாருங்க. இலை கிடைத்தால் புளி, கொட்டைப்பாக்கு சேர்த்து அரைத்து, ராத்திரி வைத்துக்கொண்டு தூங்குங்க. தலையணை உறைக்கு மட்டும் நாங்கள் பொறுப்பில்லை.