மெரினா மணலும் ஒரு மாணவனின் வீடும்



போன ஞாயிறு பேத்தியோடு வண்டலூரிலிருந்து ரயில் பிடித்து மெரினா போனேன். சாலையிலிருந்து இறங்கித் தண்ணீரைத் தொடுவதற்குள் முட்டி இரண்டும் கெஞ்சிவிட்டன. அவ்வளவு மணல்! பாதி வழியில் உட்கார்ந்தபோதுதான் பல வருடங்களாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அதை எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

எண்பதுகளில் ஒன்பதாம் வகுப்புக்குக் கடல் அரிப்பும் படிவும் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் கடல் ஓங்கல், கடல் வளைவு, மணல் திட்டு எல்லாம் வரைந்துவிட்டு, "மெரினா நமக்கு இயற்கை தந்த கொடை" என்றேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். வடசென்னைக் கடலோரத்திலிருந்து தாம்பரம் பக்கம் குடிவந்த குடும்பம். "சார், எங்க வீட்டைக் கடல் எடுத்துக்கிச்சே, அதுவும் இயற்கைதானா?" என்று கேட்டான். "ஆமாம்பா, உட்கார்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பதில் தப்பு. பாதித் தப்புகூட இல்லை, முழுத் தப்பு.

சென்னைக்கு முதலில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். அந்தக் காலத்தில் கடல் நகரத்தை ஒட்டியே இருந்தது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று சொல்லும் ஐஸ் ஹவுஸ், 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை இறக்கி வைக்கக் கடலோரம் கட்டியது. இன்று அதன் வாசலில் நின்று அலையைத் தேடிப் பாருங்கள்.

1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்குக் கல் நாட்டினார். கடலுக்குள் நீளும் இரண்டு தடுப்புச் சுவர்கள் எழுந்தன. வேலை முடிகிற சமயத்தில், 1881 நவம்பர் புயல் அவற்றை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் கரையில் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. வருடத்தில் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதங்கள் தெற்கே திருப்பித் தள்ளும். கூட்டிக் கழித்தால் வருடத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே நகர்கிறது. அந்தப் பாதையில் குறுக்கே சுவர் வைத்தால் என்ன ஆகும்? தெற்கே மணல் குவியும். வடக்கே மணல் வராது. ஆனால் அலை நிற்காது. இருக்கிற கரையை அரித்துக்கொண்டு போகும்.

தெற்கே குவிந்த மணல்தான் இன்றைய அகலமான மெரினா. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து அந்தப் பெயரையும் வைத்தார். சுவரையும் மணல் விடவில்லை. கிழக்கு நோக்கி இருந்த துறைமுக வாயில் தூர்ந்துகொண்டே வந்ததால், அதை அடைத்து வடகிழக்கில் புது வாயில் திறக்க வேண்டியதாயிற்று. அதைச் செய்த பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் அலுவலகத்தில்தான் 1912இல் நம் ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். (கணக்கு வாத்தியார்கள் இந்த வரியை மட்டும் படிப்பார்கள், தெரியும்!)

வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். அங்கே கரை உள்வாங்கிக்கொண்டே போனது. மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கல் கொட்டி வைத்திருக்கிறது. கல் போட்ட இடம் தப்பிக்கும். அடுத்த குப்பத்தில் அரிப்பு தொடங்கும். புதுச்சேரியிலும் இதே கதைதான். எண்பதுகளின் கடைசியில் அங்கே துறைமுகச் சுவர் வந்தபின், அதற்கு வடக்கே நகரத்துக் கடற்கரை மணலை இழந்தது.

ஆக, நாம் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்காரும் மணல், அந்தப் பையனின் வீட்டு முன்னால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல். பாடப்புத்தகத்தில் அரிப்புக்கு ஒரு பக்கம், படிவுக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக இருந்தது. நானும் அப்படியே தனித்தனியாக நடத்திவிட்டேன்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டபோது அந்த வகுப்பு எப்போதோ பள்ளியை விட்டுப் போய்விட்டது. அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். அந்த பேட்ச்சில் யாருக்காவது அவனோடு பழக்கம் இருந்தால் இந்தப் பதிவை அனுப்பி வையுங்கள். சார் அன்றைக்குச் சொன்ன பதிலைத் திருத்தியிருக்கிறார் என்று சொல்லுங்கள்.