பறையும் பேக்பைப்பும்

பறையைத் தூக்கி எறிவதா, தூக்கி அடிப்பதா என்று 1990-களில் நமக்குள் பெரிய சண்டை நடந்தது. சிறுபத்திரிகைகளில் நடந்தது, கருத்தரங்குகளில் நடந்தது, எல்லாவற்றையும்விட அதிகமாகச் சேரித் திண்ணைகளில் நடந்தது. சாவுக்கும் சாட்டுக்கும் ஊர்க்காரன் கூப்பிட்ட குரலுக்கு ஓடின அடிமைச் சின்னம், அதைக் கொளுத்து என்றார்கள் ஒரு பக்கம். அது ஆதி இசை, கலகக் குரல், கையில் எடு என்றார்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்தாரும் பறையைப் பற்றிப் பேசின அளவுக்கு அதை அடிச்சவனைப் பற்றிப் பேசவில்லை என்பது என் எண்ணம். இதை விளக்க ஸ்காட்லாந்து வரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. வழி நம்ம சோளிங்கர் வழியாகத்தான் போகிறது.

1780-இல் ஹைதர் அலி ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். எதிர்த்து நின்ற கம்பெனிப் படைக்குத் தளபதி அயர் கூட். அந்தப் படையில் 73ஆம் ரெஜிமெண்ட் என்று ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்கள் இருந்தார்கள். தோல் பையை அக்குளில் இடுக்கி, காற்றை அடைத்து, அமுக்கி ஊதும் பேக்பைப்தான் அவர்களுடைய போர்க்கருவி. 1781 ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டைச் சண்டை. அதுவரை அந்தக் கருவியை ஒரு பொருட்டாக மதிக்காத கூட், குண்டு மழைக்கு நடுவே நின்று ஊதினவனைப் பார்த்து மனசு மாறி, உனக்கு வெள்ளியில் பைப் செய்து தருகிறேன் என்று 50 பவுண்டு கொடுத்தார் என்பது ரெஜிமெண்ட் கதை. அதே வருஷம் செப்டம்பர் 27-இல் சோளிங்கரில் சண்டை. இன்றைக்கு ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிற அந்த ஊரின் பெயர், பிற்பாடு அந்த ரெஜிமெண்டின் வெற்றிப் பட்டியலில் ஏறிவிட்டது. 1782 ஜனவரியில் கூட்டின் படை முற்றுகையில் கிடந்த வேலூர்க் கோட்டைக்குத் தானியம் கொண்டுவந்து சேர்த்தது.

மதராஸ் படையில் நம்ம ஆட்களும் இருந்தார்கள். பறையர்கள் சிப்பாய்களாக இருந்தார்கள், கூலிகளாக இருந்தார்கள், புல்லறுத்தார்கள், சமைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ‘போர்ச்சாதி’ என்று ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்து, அவர்களைப் படையில் சேர்ப்பதை வெள்ளைக்காரன் குறைத்துக்கொண்டான். எங்காள் ஒருத்தனுக்கு வெள்ளிப் பறை வாங்கித் தந்ததாக எந்த ரெஜிமெண்ட் கதையும் நான் கேட்டதில்லை.

ஆனால் பேக்பைப்காரன் கதையும் அத்தனை சுகமானதில்லை. 1746-இல் மலைநாட்டுக் கலகம் கல்லோடனில் தோற்றது. பிடிபட்டவர்களில் ஜேம்ஸ் ரீட் என்கிற பேக்பைப் கலைஞர், நான் ஆயுதம் எடுக்கவில்லை, ஊதினேன், அவ்வளவுதான் என்று வாதாடிப் பார்த்தார். பேக்பைப் இல்லாமல் மலைநாட்டுப் படை நடப்பதில்லை, ஆகவே அதுவும் ஆயுதந்தான் என்று தீர்ப்பாகி, யார்க் நகரத்தில் தூக்கில் போட்டார்கள். மலைநாட்டு உடைக்கும் அதே வருஷம் தடைச்சட்டம் வந்தது. 1782 வரை தடை நீடித்தது. அரசாங்கப் படையில் சேர்ந்தவன் மட்டும் உடுத்தலாம். ஆக, சோளிங்கரில் சண்டை போட்டவனுக்கு இருந்த உரிமை சொந்த ஊரில் இருந்த அவன் தம்பிக்கு இல்லை.

1781-ஆம் வருஷம் இன்னொன்றும் நடந்தது. லண்டனில் இருந்த மலைநாட்டுப் பெரிய மனிதர்களின் சங்கம் ஃபால்கிர்க்கில் பேக்பைப் போட்டி நடத்தியது. அழிகிற கலையைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். மலைநாட்டு நிலப்பிரபுக்களோ ஆட்டு மந்தைக்காகக் குடியானவர்களை நிலத்தைவிட்டு விரட்டிக்கொண்டிருந்தார்கள். சதர்லாந்தில் 1814-லும் 1819-லும் கிராமம் கிராமமாகக் காலிசெய்து வீட்டுக் கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். 1822-இல் நான்காம் ஜார்ஜ் ராஜா எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாட்டில், ராஜாவே மலைநாட்டு உடை கட்டிக்கொண்டு நின்றார். பேக்பைப்புக்கு ராஜமரியாதை. ஊதினவன் கப்பலேறி கனடாவுக்குப் போய்விட்டான்.

நம் பக்கம் வருவோம். புறநானூறு 335ஆம் பாட்டில் பறையன் என்கிற பெயர் குடிப்பெயராக வருகிறது. அதைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்களை நான் தடுக்கமாட்டேன். ஆனால் 1930–31-இல் ராமநாதபுரம் பக்கத்தில் ஆதிக்கசாதியார் ஆதிதிராவிடருக்குப் போட்ட தடைகளை ஹட்டன் தன் புத்தகத்தில் பதிவுசெய்திருக்கிறார். அதையும் படிக்கவேண்டும். குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது, படிக்கக்கூடாது என்கிற வரிசையில், கலியாணத்தில் மேளம் வைக்கக்கூடாது என்றும் இருக்கிறது. அவன் வீட்டுச் சாவுக்கு இவன் மோளம் அடிக்க வேண்டும். இவன் வீட்டுக் கலியாணத்துக்கு மேளம் கூடாது. கருவியில் இழிவு எதுவும் இல்லை, யார் கூப்பிட்டால் யார் வரவேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மராட்டியத்தில் மகர்களின் ‘வத்தன்’ ஊழியத்தை ஒழிக்க அம்பேத்கர் 1928-லேயே பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். ஊருக்கு வெட்டி வேலை பார்ப்பதிலிருந்து விடுதலை என்பதுதான் அதன் சாரம்.

வடாற்காட்டில் மோளம் அடிக்க மாட்டோம் என்று சொல்வதற்கு வாய் வந்தது கூலிக்காசு வந்த பிறகுதான். கோலார் தங்கவயலுக்குப் போனவன் சொன்னான், பட்டாளத்துக்குப் போனவன் சொன்னான். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடியில் தோல் ஷாப்புக்குப் போனவன் சொன்னான். சுண்ணாம்புக் குழியில் கால் வெந்தாலும் சனிக்கிழமை ஆனால் கையில் காசு. ஊர்க்காரன் படியளக்கிற தானியத்துக்கு நிற்க வேண்டியதில்லை. பாலாற்றைக் கெடுத்த தொழில் எங்களை ஊர்ச் சாட்டிலிருந்து காப்பாற்றியது என்பது கசப்பான உண்மை. 1996-இல் உச்சநீதிமன்றம் தோல் ஷாப்புகள் மேல் கொடுத்த தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். எங்கள் தெருவில் தாத்தா காலத்திலேயே மோளத்தைப் பரணில் போட்டுவிட்டார்கள்.

நான் அதை முதன்முதலாகக் கையில் எடுத்தது 1990-களின் நடுவில், மதுரையில் நடந்த ஒரு தலித் கலைவிழாவில். ரெண்டு நாள் பயிற்சி. கையில் கெட்டியான அடிக்குச்சி ஒன்று, மூங்கிலைச் சீவின மெல்லிசான சிண்டுக்குச்சி ஒன்று. முதலில் குச்சியே கிடையாது. வாயால் ‘ஜன் ஜனக்கு’ சொல்லி, தொடையில் தட்டி, காலை மாற்ற வேண்டும். அடிக்கிறவனே ஆடவேண்டும் என்பதுதான் பறையின் சூட்சுமம். வாத்தியக்காரன் உட்கார்ந்திருக்க யாரோ ஆடுவதில்லை இது. சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி, சாவுச்சாட்டு அடி, சினிமா அடி என்று ஒவ்வொன்றுக்கும் கால் வேறு. பாதிப் பேர் பெண்கள். பெண்கள் தொடாத கருவியைப் பெண்கள் அடிப்பது அப்போது புதுசு; திண்டுக்கல் சக்தி கலைக்குழு அந்த வழியைத் திறந்துவிட்டிருந்தது. மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு பறையைச் சர்ச்சுக்குள்ளேயே கொண்டுபோயிருந்தார்.

ஒரு பறையை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். நைனா பார்த்துவிட்டு, “இன்னாடா இது, நாங்க வுட்டுத் தொலைச்சத நீ எத்துனு வந்துக்கிற?” என்றார். முப்பது வருஷம் சுண்ணாம்புக் குழியில் இருந்தவர். கோபம் போன பிறகு கட்டை விரலால் தோலைத் தடவிப் பார்த்தார். “கன்னுத்தோலு. ஷாப்புல பதம் போட்ட தோலு பேசாதுடா, அது காலுக்குப் போறது. பச்சைத்தோலுதான் பேசும்.” மயிரை எடுத்து, பதனிடாமல், புளியங்கொட்டைப் பசை போட்டு மரவளையத்தில் இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சினால்தான் நாதம் வரும் என்பதை மதுரையில் சொல்லிக்கொடுத்தார்கள். ஏன் என்பதை நைனா சொன்னார்.

ஸ்காட்லாந்திலும் இப்படி விழா வைத்துத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். 1981-இல் பாரா என்கிற சின்னத் தீவில், தங்கள் பிள்ளைகளுக்கு கேலிக் பாட்டும் ஆட்டமும் பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை என்று தீவு ஜனங்களே ‘ஃபேஷ்’ என்று ஒரு விழாவை ஆரம்பித்தார்கள். ‘ஃபேஷ்’ என்றால் திருவிழா. வேடிக்கை பார்க்கிற விழா இல்லை. பிள்ளைகள் பகலில் பேக்பைப், ஃபிடில், பாட்டு, ஆட்டம் படிப்பார்கள். ராத்திரி எல்லோரும் கூடி ஆடுகிற ‘கேலி’. இன்றைக்கு அந்த மாதிரி விழா நாற்பதுக்கு மேல் நடக்கிறது. அந்த ஆட்டங்களில் ‘ஸ்ட்ரிப் த வில்லோ’ என்று ஒன்று. ரெண்டு வரிசை எதிரெதிரே நிற்கும். ஒரு ஜோடி வரிசை நெடுக, ஒவ்வொருத்தர் கையையும் கோர்த்துச் சுற்றிவிட்டுக்கொண்டே போகும். யாரையும் தொடாமல் தாண்ட முடியாது. இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர்த் திருவிழா ஞாபகம் வந்தது. கும்மியும் கோலாட்டமும் நமக்கும் உண்டு. தெருவுக்குத் தெரு தனித்தனியாக உண்டு. ஊர்த்தெருவும் சேரியும் கைகோர்த்து ஒரே வரிசையில் ஆடின கும்மியை யாராவது பார்த்திருந்தால் எழுதட்டும்.

அங்கேயும் சுத்திகரிப்பு நடந்தது. 1923-இல் கிளாஸ்கோவில் ஒரு சங்கம் வைத்து, கிராமத்து ஆட்டத்தின் முரட்டுத்தனத்தைக் கழித்து, கூடத்தில் ஆடுவதற்கு ஏற்றபடி விதி எழுதினார்கள். சதிரைக் கழுவிப் பரதநாட்டியமாக்கின கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அங்கேயும் ஒரு சேரி உண்டு. ஊர் ஊராகப் போய்த் தகரம் அடித்துப் பிழைத்த நாடோடிகள், ‘டிங்கர்’ என்று ஏசப்பட்டவர்கள். அழிந்துபோனதாகப் படித்தவர்கள் நினைத்த பழைய கதைப்பாடல்கள் அவர்கள் வாயில்தான் இருந்தன. 1953-இல் ஹேமிஷ் ஹெண்டர்சன், அபர்டீனில் ஜீனி ராபர்ட்சன் என்கிற அந்தச் சமூகத்துப் பெண்மணியைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தார். 1968-இல் அந்த அம்மாவுக்கு அரச விருது கிடைத்தது. அதே காலத்தில் அவருடைய ஜனங்களை வசதியில்லாத கொட்டகைகளில் அடைத்து, ‘திருத்துகிறோம்’ என்று அரசாங்கமும் நகராட்சிகளும் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தன. அதற்காக ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் ஜான் ஸ்வின்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2025-இல்தான்.

அதே 2025-இல் நம் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அலங்காநல்லூர்க்காரர், ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர். எனக்கு ரொம்ப சந்தோஷம். நம்மிடம் விருது வந்திருக்கிறது. மன்னிப்பு இன்னும் வரவில்லை. வேலூர்ப் பக்கம் ஒரு விழாவில், பையன்கள் பறையடித்து விருந்தாளிகளை மேடைவரைக்கும் அழைத்துப் போனதைப் பார்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் பையன்களுக்கு மட்டும் பந்தலுக்குப் பின்னால் பொட்டலம் வந்தது. பையன்கள் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவந்தார்கள்.

அந்தப் பையன்களில் நாலு பேர் எங்கள் தெரு. ரெண்டு பேர் ஷூ கம்பெனியில் வேலை, ஒருத்தன் காலேஜ், ஒருத்தன் ஆட்டோ. இப்போது செட்டுக்கு ஆள் கேட்டு யார் வந்தாலும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறார்கள். போனில் பேசினால் போதாது, தெருவுக்கு வந்து, வெற்றிலைபாக்கோடு முன்பணம் வைக்கவேண்டும். சாராயம் ஊற்றிக் கொடுப்பது கூலியில் சேராது. ‘டேய்’ போடக்கூடாது. சாப்பாடு எல்லோரும் உட்காருகிற பந்தியில். சாவு என்றால் சொந்தக்காரர் சாவுக்குத்தான். ஊர்ச் சாவுக்கு எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் கிடையாது. போன ஆவணியில் பக்கத்து ஊர்ப் பெரிய வீட்டிலிருந்து கார் வந்து நின்றது. ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தார்கள். கார் சும்மா திரும்பிப் போனது. அன்றைக்குச் சாயங்காலம் பையன்கள் வேப்பமரத்தடியில் சருகைக் கூட்டி நெருப்பு போட்டு, பறையைக் காய்ச்சி, சின்னப் பிள்ளைகளுக்கு முதல் அடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.