பி.டி. வாத்தியாரின் வம்சாவளி

நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். அதற்கு முன்பே ராசிபுரம் பக்கத்தில் பி.டி. வாத்தியாராகச் சேர்ந்தவன் நான். மாவட்டப் போட்டி என்றால் பையன்களைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது.

வாலிபால் தளத்துக்குக் கோடு போடுவது தனி வேலை. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். மூலை கோணாமல் வர, கயிற்றில் 3, 4, 5 மீட்டருக்கு முடிச்சுப் போட்டு, முக்கோணமாக விறைப்பாக இழுத்து முளையடிப்போம். அதன் பிறகுதான் சுண்ணாம்பு. இதை எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்தவர், சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர்.

அந்தக் கல்லூரியை 1920இல் தொடங்கியவர் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர். அதுவரை பள்ளிக்கூடங்களில் டிரில் என்றால் பெரும்பாலும் ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவர் லெஃப்ட் ரைட் சொல்வதுதான். விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கவும் முறையாகப் படிக்க வேண்டும் என்பதை இங்கே நிலைநாட்டியவர் பக். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றதும் அவரே. அவர் தொகுத்த விதிநூலை வைத்துத்தான் எத்தனையோ ஊர்களில் பந்தயத் தகராறுகள் தீர்ந்தன. 1943இல் சென்னையிலேயே காலமானார்.

பக் படித்த இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட். 1891 குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக, அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடைகளை மாட்டிப் பாஸ்கட்பாலை உண்டாக்கினார். அருகிலுள்ள ஹோலியோக்கில் 1895இல் வாலிபாலை உருவாக்கிய வில்லியம் மார்கனும் உடற்பயிற்சி ஆசிரியர்தான். ஒய்.எம்.சி.ஏ. பயிற்சியாளர்கள் இவற்றை நாடு நாடாகக் கொண்டுபோனார்கள். போன இடத்தில் கற்றுக்கொடுத்ததோடு நிற்கவில்லை, அங்கே பிறந்த உத்திகளையும் ஏற்றுக்கொண்டார்கள். பந்தை உயரத் தூக்கிக் கொடுத்து ஓங்கி அடிப்பது பிலிப்பைன்ஸில் உருவான ஆட்டம். எங்கள் பையன்கள் உயிரை விடும் ஸ்மாஷ் மணிலா வழியாக வந்தது! இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் எங்கள் தொழிலின் பெரிய பெருமையாக நான் நினைக்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. 1961இல் பட்டியாலாவில் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் வந்தது. தியான் சந்த் அங்கே ஹாக்கி சொல்லிக்கொடுத்தார். கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் விளையாட்டுக் கல்லூரிக்குப் போய்ப் படித்துத் திரும்பிய நம் பயிற்சியாளர்களும் உண்டு.

இத்தனையும் கடைசியில் வந்து சேர்வது ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்கு. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வது இங்கே பழகிப்போன அநியாயம். அந்த பீரியடின் மதிப்புக்கு ஓர் உதாரணம்: சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு சிறுவயதில் காலில் பஸ் ஏறியதால் பாதிக்கப்பட்டவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அவரை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பிவிட்டவர் அவருடைய பள்ளியின் பி.டி. வாத்தியார்.