செம்பாக்கத்துக்கு நகர்ந்த தாம்பரம்

பழைய சர்வே மேப்பை ஸ்கேன் பண்ணி, கட்டமிட்ட கோடுகளில் இருக்கிற அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே நம்பி இன்றைய சாட்டிலைட் படத்து மேல் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? 1905-க்கு முந்தைய மேப் என்றால் தாம்பரம் ஸ்டேஷன் செம்பாக்கம் பக்கம் போய் உட்காரும். சுமார் நாலரை கிலோமீட்டர் கிழக்கே!

மேப் வரைந்தவர் மேல் தப்பில்லை. இந்தக் கதை நம்ம பறங்கிமலை அடிவாரத்தில்தான் ஆரம்பிக்கிறது.

1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் என்கிற ராணுவ அதிகாரி, பறங்கிமலை பக்கம் தொடங்கி தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல். இன்றைய மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் வட்டாரம் (இப்போ அந்த ரோட்டில் நேர்கோட்டில் நாலு அடி நடக்க முடியாது, அது வேறு விஷயம்). கையில் இருந்தது 100 அடி இரும்புச் சங்கிலி ஒன்று. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், அங்கே சீந்துவாரில்லாமல் திரும்பி வந்த சரக்கு. அதை நானூறு தடவை எடுத்து வைத்து அளந்தார்கள். சித்திரை வெயிலில் இரும்பு நீளுமே, அதனால் தெர்மாமீட்டர் வைத்து ஒவ்வொரு தடவையும் கணக்கு. வந்த விடை 40,006 அடி சொச்சம். இந்தியா முழுக்க விரிந்த பெரிய முக்கோண சர்வேக்கு முதல் கோடு இதுதான்.

நீளம் துல்லியம். ஆனால் அந்தக் கோடு பூமிப் பந்தில் எங்கே இருக்கிறது? அதற்கு நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வகத்தைப் பிடித்தார்கள். 1792-ல் கட்டியது, அதன் கருங்கல் தூண் இன்னும் அங்கேதான் நிற்கிறது. தீர்க்கரேகை என்பது நேர வித்தியாசம்தான். கிரீன்விச்சில் இப்போ மணி என்ன என்று மதராஸில் தெரியவேண்டும். தந்தி கிடையாது. வியாழனின் நிலாக்கள் மறைவதையெல்லாம் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். சர்வே எடுத்துக்கொண்ட எண் 80° 17' 21". பின்னாளில் தந்திக்கம்பி வழியாக நேரத்தை ஒப்பிட்டபோது 80° 14' 54" என்று ஆனது. வித்தியாசம் 2' 27". நேரக் கணக்கில் பத்து விநாடிகூட இல்லை!

வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருஷமும் யாருக்கும் கஷ்டம் இல்லை. மொத்த இந்தியாவும் ஒரே அளவு நகர்ந்திருந்ததால் ஊருக்கு ஊர் தூரம், எல்லை எல்லாம் சரியாகவே இருந்தது. வேறொரு மேப்போடு சேர்த்து வைக்கும்போதுதான் குட்டு உடையும்.

இன்றைக்கு அதே வியாதி ஆட்டோகேட் கோப்பு ரூபத்தில் வருகிறது. ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் மனை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எல்லைப் படத்தை அனுப்பினார். எந்த ஆயமுறை என்று வரைந்த ஆபீசில் கேட்டால், "சர்வேயர் கொடுத்தது சார்" என்பதோடு சரி. படத்தை ஏற்றினால் மனை ஏரிக்குள் இருக்கிறது. மனுஷர் ஆடிப்போய்விட்டார். பேங்க் லோன் வேறு நிலுவையில். ஏரி ஆக்கிரமிப்பு என்று ஒரு வார்த்தை வந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் எண்களைப் பார்க்கணும். 80, 12.9 என்று இருந்தால் டிகிரி. 1000, 1000 என்று ஆரம்பித்தால் சர்வேயர் தன் வசதிக்கு வைத்த ஆரம்பப்புள்ளி. இதில் 4,07,000-மும் 14,28,000-மும் இருந்தது. அப்படியானால் யூடிஎம் 44-வது மண்டலம், மீட்டரில். ஆனால் எந்தப் பூமிக்கோளம்? லாம்டனுக்கு அடுத்து வந்த எவரெஸ்ட் 1830-ல் கணித்த கோளமா, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-ஆ? நம்ம பக்கம் ரெண்டுக்கும் நடுவே சில நூறு மீட்டர் இடிக்கும். 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகுதான் பொதுமக்களுக்கான மேப் வரிசை புதுக் கோளத்துக்கு மாறியது. எவரெஸ்ட் என்று மாற்றினேன், மனை கரையேறியது. :-)

அதோடு விடக்கூடாது. அப்படி வந்து உட்கார்ந்ததே தற்செயலாக இருக்கலாம் இல்லையா? எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சை எடுத்தோம். நம்ம புலப்படத்தில் அட்சரேகை எதுவும் இருக்காது. கல்லுக்குக் கல் ஜி-லைன், அதிலிருந்து செங்குத்தாக இடது வலது அளவுகள், அவ்வளவுதான். பழைய படம் என்றால் அளவு லிங்க்ஸில் இருக்கும், ஒரு லிங்க் 20.1168 செ.மீ. ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட், அதனால்தான் 435.6 சதுர அடி என்று அந்த வினோத எண். ஜி-லைன் நீளங்கள் படத்தோடு பொருந்தின. பிறகு நேரில் போய் மூன்று சர்வே கல்லில் ஜிபிஎஸ் வைத்தோம். ரெண்டு கல் போதாதா என்றார் நண்பர். ரெண்டு கல்லில் எந்தப் படத்தையும் நீட்டிச் சுருக்கித் திருப்பிப் பொருத்திவிடலாம், மூன்றாவதுதான் சாட்சி சொல்லும். மூன்றாவது கல்லைத் தேட அரை நாள் ஆனது, கருவேல முள்ளுக்குள் கிடந்தது. பொருந்தியது.

லாம்டனின் மார்பளவு சிலை பறங்கிமலை மேல் இருக்கிறது. சர்ச்சுக்குப் போகிறவர்கள் அப்படியே எட்டிப் பார்க்கலாம்.