பிறரைச் சென்றடையும் வணக்கம்

தில்லி அரியணையில் சுல்தான்கள் ஒருவர்பின் ஒருவராக மாறிக்கொண்டிருந்த காலம். நகருக்கு வெளியே, கியாஸ்பூரில் இருந்த கான்காஹ் ஒன்றை மட்டும் மக்கள் நாள்தோறும் நாடி வந்தனர். அங்கே வாழ்ந்தவர்கள் ஹஸ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்கள்.

பதாயூனில் பிறந்த அவர்கள் இளமையிலேயே தந்தையை இழந்தார்கள். வீட்டில் உணவில்லாத நாள்களில், இன்று நாம் இறைவனின் விருந்தினர் என அன்னையார் பீபி ஜுலைகா கூறுவார்கள். கல்வியில் தேர்ந்தபின் அஜோதன் சென்று, பாபா ஃபரீத் (ரஹ்) அவர்களிடம் பைஅத் பெற்றார்கள்.

அவர்களது சபையுரைகளை மாணவர் அமீர் ஹசன் ஸிஜ்ஸி 1308 முதல் 1322 வரை குறித்துவைத்தார். அந்நூலே 'ஃபவாயிதுல் ஃபுஆத்'. வணக்கம் இருவகை என்னும் விளக்கம் அதில் காணப்படுகிறது. ஒன்று 'லாஸிம்', தொழுகை, நோன்பு போல, பயன் செய்பவரோடு நிற்பது. மற்றது 'முதஅத்தீ', ஈகை, பரிவு போல, பயன் பிறரைச் சென்றடைவது. இவை அரபு இலக்கணச் சொற்கள். தமிழில் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்போம். முதல்வகை ஏற்கப்பட மனத்தூய்மை வேண்டும். இரண்டாம் வகைக்கோ எவ்வாறு செய்யினும் நன்மை உண்டு, அதற்கு எல்லையில்லை என்றார்கள்.

இது தொழுகையைக் குறைத்து மதிப்பதாகாது. அவர்களே இடையறாது நோன்பு நோற்றவர்கள். எனினும் ஸஹர் உணவு தொண்டையில் இறங்க மறுத்தது. பள்ளிவாசல்களிலும் கடைத்திண்ணைகளிலும் பசியோடு உறங்குவோரின் நினைவே அதற்குக் காரணம். காணிக்கையாக வந்தவை அனைத்தும் ஏழைகளுக்கே சென்றன. ஜும்ஆவுக்கு முன் களஞ்சியம் துடைக்கப்பட்டுவிடும்.

அரசர்களிடம் அவர்கள் காட்டிய விலகலையும் இவ்வொளியிலேயே காணவேண்டும். சுல்தான் சந்திக்க விரும்பியபோது, தம் இல்லத்துக்கு இரு வாயில்கள் உண்டு, ஒன்றில் அவர் நுழைந்தால் மற்றதில் தாம் வெளியேறுவதாக உரைத்தார்கள் என்பர். 1320இல் அரியணையைக் கைப்பற்றிய குஸ்ரவ் கான், கருவூலப் பணத்தை ஷைகுமார்களுக்கு வாரி வழங்கினார். பின்னர் வந்த கியாஸுத்தீன் துக்ளக் அதைத் திருப்பிக் கேட்டபோது, அது பைத்துல்மாலின் பொருள், உரியவர்களுக்கே சேர்ந்துவிட்டது என்று விடையளித்ததாக வரலாறு கூறுகிறது. தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாதவரிடம் எந்த அரசு எதைப் பறிக்க முடியும்?

ஹிஜ்ரி 725இல் (கி.பி. 1325) அவர்கள் மறைந்தார்கள். அவர்களது அடக்கத்தலத்தில் கையேந்தும் நாம், நம் வணக்கங்களுள் எத்தனை அண்டை வீட்டாரைச் சென்றடைகின்றன என்றும் கேட்டுக்கொள்வோமாக.