கொலை என்னும் சொல்

பெங்களூரின் காக்ஸ் டவுனில் தமிழ் ஒலிப்பது புதிதன்று. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நிறுவிய தண்டினைச் சார்ந்து வளர்ந்த பகுதி அது. படையினராகவும் வணிகராகவும் தொழிலாளராகவும் தமிழர் தண்டுப் பகுதிகளிற் குடியேறினர். அண்மையிலுள்ள அல்சூர் ஏரிக்கருகே மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் நிலையம் இன்றும் உள்ளது. இத்தகைய இடத்தில், விவிலியத்தின் பத்துக் கட்டளைகளுள் கொலையை விலக்கும் கட்டளை தனிப் பொருள் பெறுகிறது. படைக்கலம் ஏந்தியவனையும் அது தடுக்கிறதா?

விடை சொல்லாராய்ச்சியிலிருந்து தொடங்குகிறது. எபிரேய மூலத்திலுள்ள வினை 'ராட்ஸாக்' என்பது. போரிற் கொல்வதைக் குறிக்கப் பெரும்பாலும் வேறு வினைகளே வழங்கின. ஆயினும் எண்ணாகமத்தின் 35ஆம் அதிகாரம், கைத்தவறுதலாக உயிர்போக்கி அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடுபவனையும் இவ்வினையாலேயே சுட்டுகிறது. கொலைஞனுக்கு விதிக்கப்படும் மரண தண்டனைக்கும் ஓரிடத்தில் அதே வினை வருகிறது. எனவே அச்சொல் 'கொல்லுதல்' என்பதினும் குறுகியது. 'திட்டமிட்ட கொலை' என்பதினும் விரிந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் 'கொல்லுதல்' என்னும் பொதுச்சொல்லை ஆண்டது. 1885ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்போ கொலைக் குற்றத்தைக் குறிக்கும் சொல்லை அமைத்தது.

தமிழில் இப்பணியைத் தொடங்கியவர் தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஸீகன்பால்கு. 1719இல் அவர் மறைந்தபொழுது பழைய ஏற்பாடு ரூத்து ஆகமம் வரை பெயர்க்கப்பட்டிருந்தது. வழக்கிலுள்ள தமிழ்ப் பதிப்புகள் இக்கட்டளையில் 'கொலை' என்னும் சொல்லையே ஆள்கின்றன. அச்சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு. வள்ளுவரின் 'கொல்லாமை' அதிகாரம் எல்லா உயிரையும் தழுவுகிறது. அவரே 'செங்கோன்மை'யில், கொடியோரை அரசன் ஒறுத்தலைக் களை பறித்தலோடு ஒப்பிடுகிறார். மேலைநாட்டில் அகஸ்டீனோ, விலங்குகளும் தாவரங்களும் கட்டளைக்குள் அடங்கா எனக் கொண்டார். நீதியான ஆணைவழிப் போரையும் தண்டனையையும் விலக்காகக் கருதினார்.

ஆகவே, கட்டளையைக் கேட்கும் தமிழர் செவியில் மூலத்திலில்லாத அகலமும் சேர்ந்தே ஒலிக்கிறது. இதனைப் பெயர்ப்பின் குறை என்று தள்ளுதல் எளிது. ஆனால் மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் இயேசு இக்கட்டளையைக் கையின் செயலோடு நிறுத்தாமல், நெஞ்சின் சினம் வரை கொண்டுசெல்கிறார். சொல்லின் எல்லையை வரையறுத்தல் அறிஞர் கடமை. அவ்வெல்லைக்குள் நின்றுவிட்டால் அறம் முடிந்தது என்று எண்ணாதிருத்தல் நம் அனைவரின் கடமையுமாகும்.